நாலு சக்கரம்

கிழவர் குனிந்து டயரில் காற்று பார்க்கிறார். கார் டயருக்கு வைக்கும் மானி இதற்கு உதவாது. குவாட் பைக் என்கிற இந்த நாலு சக்கரப் பண்ணை வண்டியின் குண்டு டயர்களுக்குக் காற்று மிகக் கொஞ்சம்; சில வண்டிகளுக்கு 4 பிஎஸ்ஐகூடக் கிடையாது. அந்தக் கொஞ்சத்திலும் இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் வந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நான்கையும் பார்த்து முடிக்க அவருக்கு அவசரமே இல்லை.

நியூசிலாந்தின் வைகாட்டோ பகுதி. அக்டோபர், அங்கே அது வசந்தம். காலைக் கறவை முடிந்து மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்விட்டன. கொட்டகைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியை யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கும் அதுதான் வசதி.

வேலைக்கு இருப்பவன் நம்மூர்ப் பையன். தேனிப் பக்கம் என்பது பேச்சில் தெரிகிறது. வீடியோவில் அம்மாவுக்கு வண்டியைக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

"இதுலயா மலை மேல போற? பாத்துப் போப்பா."

"நாலு சக்கரம்மா. சாயுறதுக்கு இது என்ன பைக்கா?"

அம்மா அடங்கிவிட்டார். பார்க்கிற யாரும் அடங்கித்தான் போவார்கள். டிராக்டரைக் கண்டால் கொஞ்சமாவது பயம் வரும். இது திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை மாதிரி நிற்கிறது. பயமுறுத்தாததுதான் இதன் கெட்ட குணம். எடை 300 கிலோவை ஒட்டி. அகலம் குறைவு, உயரம் அதிகம். சரிவில் மேட்டுப் பக்கத்துச் சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் போதும், புரண்டுவிடும். புரண்டால் ஓட்டியவர் மேலேயே விழுந்து கிடக்கும். எலும்பு எதுவும் முறியாமல், மார்பு அழுந்தி மூச்சு முட்டியே செத்தவர்கள் உண்டு. அந்த நேரத்தில் கூப்பிடு தூரத்தில் ஆள் இருப்பது பண்ணையில் அபூர்வம்.

சீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பி வளைவு, ஆள் உயரத்துக்கு. வண்டி புரண்டாலும் அதன் அடியில் மனிதனுக்குக் கொஞ்சம் இடம் விடுவதற்காக. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் 11 முதல் பண்ணைக்கான புது குவாட் பைக்கை இந்த மாதிரிக் காப்பு இல்லாமல் விற்க முடியாது. அந்த விதி பிடிக்காமல் பெரிய கம்பெனிகள் சில அந்தச் சந்தையை விட்டே போயின. நியூசிலாந்தில் கட்டாயம் இல்லை. அரசு வற்புறுத்திச் சொல்கிறது, விபத்துக் காப்பீட்டு அமைப்பான ஏசிசி செலவில் ஒரு பங்கு தந்திருக்கிறது. கிழவரின் கம்பியில் ஒரு பக்கம் பெயிண்ட் உரிந்து ஆழமான கீறல்கள். எங்கே, எப்போது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பையன் போனை வைத்துவிட்டு, பின் தட்டில் கட்டியிருக்கும் தொட்டியில் களைக்கொல்லி கலக்குகிறான். மேட்டில் முட்செடி மண்டியிருக்கிறது. பாதித் தொட்டி நிறைந்ததும் குழாயை மூடுகிறான். கிழவர் தொட்டியைப் பார்க்கிறார், மேட்டைப் பார்க்கிறார், தொட்டியைக் கையால் ஒரு தட்டு தட்டுகிறார். உள்ளே தண்ணீர் அலம்புகிறது. சரிவில் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அதுவும் ஓடும். வாரை அவிழ்க்கிறார். இருவருமாகத் தொட்டியை இறக்குகிறார்கள். முதுகில் மாட்டும் தெளிப்பானை எடுத்து நீட்டி ஒரே ஒரு வார்த்தை: நட.

பையன் முகத்தில் அம்மாவிடம் சொன்னதெல்லாம் வீணாய்ப் போன வருத்தம்.

காலியான சீட்டில் பேத்தி ஏறிவிடுகிறாள். எட்டு வயது இருக்கும். சீட் என்னவோ இரண்டு பேருக்குத் தாராளம். ஆனால் அந்த நீளம் ஓட்டுகிறவர் நகர்ந்துகொள்ள விட்ட இடம். நேற்று மாலை பார்த்தேன்: ஏறும்போது முன்னுக்கு வந்தார், இறங்கும்போது பின்னுக்குப் போனார், குறுக்கே போகையில் மேட்டுப் பக்கம் உடம்பை முழுக்கச் சாய்த்தார். எழுபதைத் தாண்டிய உடம்பு அது. பின்னால் ஒரு குழந்தை இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தால் இதில் எதுவும் நடக்காது. அவளை அப்படியே தூக்கி இறக்கிவிடுகிறார். அவள் அழவில்லை, முறைக்கிறாள். பின் தட்டில் நாய் தாவி உட்கார்ந்துகொள்ள, முறைப்பு இரட்டிப்பாகிறது.

இவ்வளவு பார்க்கிற மனிதர் தலையில் கம்பளித் தொப்பியோடு சாவியைத் திருகுகிறார். ஹெல்மெட் கொட்டகை ஆணியில் தொங்குகிறது.

பேத்தி முக்காலி போட்டு ஏறி அதை எடுத்து வருகிறாள். வண்டிக்கு முன்னால் வந்து நிற்கிறாள், விலகவில்லை. கிழவர் ஹார்ன் அடித்துப் பார்க்கிறார். பிறகு இன்ஜினை அணைத்து, தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டி வாரைப் பூட்டுகிறார். அவள் வாரை இழுத்துப் பார்த்த பிறகுதான் வழி விடுகிறாள்.