ஊதும் எஞ்சினுக்கு எந்த கேம்?

ஆம்பூர்ப் பட்டறையில் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின் ஸ்டாண்டில் ஏறியிருந்தது. அதன் மேல் பூட்டுவதற்கு ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் தயாராக இருந்தது. வண்டிக்காரர் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும், ஞாயிறானால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி திணறாமல் ஏற வேண்டும்.

“பாய், ரேஸ் கேம் ஒண்ணு கிடைக்குது. போட்டுடலாமா?”

“காத்தை உள்ள தள்றதுக்குத்தானே தம்பி இந்த மிஷின்? அந்த வேலையை கேமுக்கும் எதுக்குக் குடுக்கணும்?” என்றார் மிஸ்திரி.

இந்த ஊதி அவருக்குப் பழக்கமானது. தோல் தொழிற்சாலைகள் கழிவுநீரைச் சுத்திகரித்தே ஆக வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வட்டாரம் இது. சுத்திகரிப்புத் தொட்டிகளுக்குக் காற்றூதும் ரூட்ஸ் ஊதிகளையும் அவர் பிரித்துப் பூட்டியிருக்கிறார். குறைந்த வேகத்திலேயே அழுத்தம் தரும் ஜாதி என்பது அவருக்குக் கைப்பாடம்.

லோப் எனும் மேடுகளால் வால்வுகளைத் திறக்கும் தண்டுதான் கேம். சாதாரண ரேஸ் எஞ்சினில் இரண்டு வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம், அதாவது ஓவர்லேப், கூடுதலாக இருக்கும். வெளியேறும் புகையே புதுக் கலவையை இழுத்துக்கொள்ளும். ஊதும் எஞ்சினில் அதே இடைவெளி வழியாகப் பெட்ரோல் நேராக சைலன்ஸருக்குப் போய்விடும். அதனால் இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின் நடுக்கோணத்தை 112 முதல் 116 டிகிரி வரை அகட்டி வைப்பது வழக்கம். இந்த எஞ்சினில் இரண்டு லோப்பும் ஒரே தண்டில் இருப்பதால் அந்தக் கோணம் கிரைண்டிங்கிலேயே முடிவாகிவிடும். பிறகு முன்னே பின்னே நகர்த்தலாம், அகட்ட முடியாது.

எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் சற்று நீண்ட டியூரேஷன் கேட்டார் மிஸ்திரி. எரியும் கலவை கூடும்போது புகையும் கூடும். இந்த ஹெட்டிலோ 2, 3 சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஒரே எக்ஸாஸ்ட் வழிதான். நெரிசல் அங்கேதான். முழு யோசனையிலும் எனக்கு மிகப் பிடித்தது இந்தக் கணக்கு.

பழைய கேமை வி-பிளாக்கில் கிடத்தி, டயல் கேஜ் முள்ளை லோப்பில் நிறுத்தி, மெல்ல உருட்டினார். மூன்றாவது லோப்பில் முள் மற்றவற்றின் உயரத்துக்கு ஏறவில்லை. எண்ணெயைத் துடைத்து நகத்தால் வருடியபோது மூக்கில் பொரிந்த குழிகள் தட்டுப்பட்டன. “டப்பட்டும் போச்சு. புது கேமுக்குப் பழைய டப்பட் ஆகாது.”

ஸ்பிரிங்கையும் அவர் விடவில்லை. 38 மி.மீ. வால்வின் முதுகில் அரை பார் அழுத்தம் என்றால் 5.5 கிலோவுக்கு மேல் தள்ளும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு சீட்டில் ஒழுங்காக உட்காராது.

வண்டிக்காரர் ரேஸ் கேமைக் கைவிட்டார். கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டிய அளவுகளை மிஸ்திரி சொல்லச் சொல்ல, பையன் பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினான். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட்ட வேண்டும் என்பதையும் அடியில் சேர்க்கச் சொன்னார்.