கொண்டல் பக்கம் எப்பிடி இருக்கு?

ஏ.எல்லில் புவியியல் எடுத்த ஒருத்தருக்கும் அந்தப் படம் மறந்திருக்காது. மேலே மெல்லிய கோடுகளாகக் கீற்றுமுகில், கீழே பாய் விரிச்ச மாதிரிப் படைமுகில், நடுவில் பஞ்சுப் பொதி மாதிரித் திரள்முகில், ஓரத்தில் அடியிலிருந்து உச்சி வரை எழும்பி நிற்கிற திரள் மழைமுகில். பக்கத்தில் கிலோமீற்றரில் உயரம். மொத்தம் பத்து வகை. கலர் பென்சிலால் கீறி, பெயர் எழுதி, மாக்ஸும் எடுத்தாச்சு. ஆனா அந்தப் படம், இண்டைக்கு உடுப்புத் தோய்ச்சுப் போடலாமா எண்டு சொல்லாது.

போன மாரியில் ஒரு ஒப்படைக்காக நாங்கள் நாலு பேர் ஒரு மாதம் வானத்தைப் பார்த்தோம். விடிய எட்டு மணி, மத்தியானம், பின்னேரம் ஐந்து மணி எண்டு மூண்டு நேரம். முகில் வகை, எவ்வளவு வானத்தை மூடியிருக்கு, எந்தப் பக்கமிருந்து வருது. ஹொஸ்டல் மொட்டை மாடியில் கொப்பியோட நிற்கிற எங்களைப் பார்த்து, "முகில் பாக்கிறதுக்கோ கம்பஸ் வந்தனீங்க" எண்டு கேட்காத ஆளில்லை. ஆர்ட்ஸ் ஃபக்கல்ட்டிக்கு இதெல்லாம் பழக்கம்தானே.

இந்த லத்தீன் பெயர்களைத் தொடங்கி வைத்தவர் லூக் ஹவார்ட் எண்ட லண்டன் மருந்து வியாபாரி. 1802இல் ஒரு சின்னச் சங்கத்தில் அவர் வாசிச்ச கட்டுரையில்தான் சிரஸ், குமுலஸ், ஸ்ராடஸ், நிம்பஸ் எல்லாம் வந்தது. நல்ல வேலை. ஒவ்வொரு நொடியும் உருவம் மாறுற ஒண்டுக்குப் பெயர் வைக்கலாம் எண்டு நினைச்சதே பெரிய துணிச்சல். ஆனா பிறகு பாடப்புத்தகங்கள் அந்தப் பெயர்களோட ஒரு வரிசையையும் சேர்த்துக் கொண்டு வந்தன: முதலில் கீற்று, பிறகு மெல்லிய படலம், பிறகு தடிச்ச படலம், பிறகு மழை. அது இங்கிலாந்து மாதிரி இடங்களில், குளிர்ந்த காற்றுக்கு மேலே வெப்பக் காற்று சாய்வாக ஏறுகிற முகப்புகளின் கதை. மட்டக்களப்பில் முகப்பு வாறதில்லை. இங்கே கீற்றுமுகில் எண்டால், பல நேரங்களில் நேற்று எங்கேயோ பெய்த இடிமழையின் மிச்சம் மட்டும்தான். நிலவைச் சுற்றி வட்டம் கட்டுறதும் அப்படித்தான். உயரத்தில் பனிப்பளிங்கு இருக்கு எண்டு அது சொல்லும். மழை நாளைக்கு வரும் எண்டு சத்தியம் பண்ணாது.

அதால எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு விஷயம் பிடிபட்டது. பெயரை விட, அது எங்கே போய்க்கொண்டிருக்கு எண்டதுதான் முக்கியம். திரள்முகிலை எடுங்க. அடி தட்டையாக இருக்கும், ஏனெண்டால் எழும்புற காற்று ஒரு குறிப்பிட்ட உயரத்தில் குளிர்ந்துதான் நீர்த்துளியாகுது. அந்த உயரம் அக்கம்பக்கத்தில் எல்லா முகிலுக்கும் கிட்டத்தட்ட ஒண்டுதான். மத்தியானம் சின்னச் சின்னப் பொதியாக நிண்டால் பயமில்லை. காலமை பத்து மணிக்கே அகலத்தை விட உயரம் கூடினால் கவனம். உச்சி பூக்கோவா மாதிரி இறுக்கமாக இருக்கும் வரைக்கும் அது வளருது. உச்சி மங்கி, நார் நாராகி, கொல்லன் பட்டடை மாதிரிப் பக்கவாட்டில் விரிஞ்சால் அது திரள் மழைமுகில் ஆயிற்று. எங்கட அகலாங்கில் அந்த உச்சி 15 கிலோமீற்றரையும் தாண்டும். மழைக்கு முன்னால் சடாரெண்டு ஒரு குளிர்காற்று வீசும் பாருங்க, அது அந்த முகிலுக்குள்ளிருந்து கீழே விழுந்த காற்று. அப்ப வயலில் நிற்கக்கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூண்டு செக்கன் எண்டால் அது ஒரு கிலோமீற்றர் தூரம். சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இது எங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்.

படைமுகில் பாவம், அதைப் பற்றி எழுத ஒண்டுமில்லை.

நடுமட்டத்தில் பரவுற சாம்பல் படலத்துக்கு நாங்கள் ஒரு சோதனை வைச்சிருந்தோம்: நிலத்தில் உங்கட நிழலைப் பாருங்க. நிழல் விழுந்தால் அது உயரத்து மெல்லிய படலம். சூரியன் மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற மாதிரித் தெரிஞ்சு, நிழல் இல்லையெண்டால் படலம் தடிச்சிட்டுது. சூரியன் எங்கே எண்டே தெரியாவிட்டால் மழைப்படை. இடியில்லை, மின்னலில்லை, சும்மா பெய்துகொண்டே இருக்கும். வெள்ளாமையை அழுக வைக்கிறது இதுதான்.

தமிழிலும் முகிலுக்குப் பெயருக்குக் குறைவில்லை. மேகம், மஞ்சு, கார், எழிலி, கொண்மூ. எங்களுக்குப் பிடிச்சது கொண்டல். நீரைக் கொண்டது கொண்டல். அதே சொல்தான் கீழ்க்காற்றுக்கும். ஹவார்ட் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைச்சார். இந்தச் சொல்லுக்குள் தண்ணியும் திசையும் சேர்ந்து கிடக்கு. கிழக்குக் கரையில் மாரி மழை கடலிலிருந்துதான் வருது. கச்சான் காலத்தில் மேற்கு மலைப்பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வாற காற்று எங்களுக்குச் சூடும் புழுதியும்தான் தரும். இதைத் தெரிஞ்ச ஆக்கள் முகிலின் உருவத்தை இரண்டாவதாகத்தான் பார்க்கினம்.

கார்த்திகை மாதம் வேறு கதை. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா இண்டைக்கும் அந்த மாதம் முழுக்கப் பின்னேரம் முற்றத்துக்கு வந்து கடல் பக்கம் பார்ப்பா. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பை அடிச்ச சூறாவளியில் அவவுக்குக் கூரை போனது, ஒரு தங்கச்சியும் போனா. அதுக்கு முந்தின பின்னேரம் வானம் செம்புக் குடம் மாதிரி இருந்தது எண்டு சொல்லுவா. உயரத்துப் பனிமுகில் தாழ்ந்த சூரிய வெளிச்சத்தில் அப்படி நிறமெடுக்கும் எண்டு எங்களுக்கு விளங்கப்படுத்தலாம். சூறாவளியின் உச்சியிலிருந்து வெளியே பரவுற கீற்றுகள்தான் கரைக்கு முதலில் வந்து சேரும். அந்தக் கோடுகள் எல்லாம் அடிவானத்தில் ஒரு இடத்தில் கூடுற மாதிரித் தெரிஞ்சால், சூறாவளி அந்தப் பக்கம். படத்தில் ஆக அழகான முகில் அதுதான். நாங்கள் கீற்றுமுகிலின் ஃபோட்டோவைக் காட்டினபோது அம்மம்மா ஒண்டும் சொல்லவில்லை, ஃபோனைத் திருப்பித் தந்தா.

செட்டிலைட் இருக்கிற காலத்தில் இதெல்லாம் தேவையோ எண்டு கேட்கலாம். சூறாவளிக்குச் செட்டிலைட்டும் எச்சரிக்கையும்தான் வேணும், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. முற்றத்தில் நிண்டு உயிரைக் காப்பாற்ற ஏலாது. ஆனா ஃபோனில் வாற நாளாந்த அறிவித்தல் "கிழக்கு மாகாணத்தில் இடையிடையே மழை" எண்டு சொல்லும். திருகோணமலையிலிருந்து பொத்துவில் தாண்டியும் ஒரே வசனம்.

தை மாதம், ஒப்படை முடிஞ்சு கொப்பியும் குடுத்தாச்சு. எங்களில் இன்னொருத்தியின் குடும்பத்துக்குச் செங்கலடி–பதுளை வீதியில் கரடியனாறுப் பக்கம் வயல். வெட்டு மெசின் வந்து போய், நெல் ரோட்டோரத்தில் படங்கில் காயுது. ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கினால்தான் அரச கொள்வனவில் எடுப்பினம். தனியார் ஈரநெல்லை எடுப்பினம், விலையை அறுத்து. விடிய ஏழு மணிக்கு அவளின் அப்பா கோல் எடுத்தார்.

"மகள், கொண்டல் பக்கம் எப்பிடி இருக்கு?"

கம்பஸ் கடலுக்குக் கிட்ட, வயல் தென்மேற்காக உள்ளுக்கு. மணிக்கு 25 கிலோமீற்றரில் முகில் வந்தால், எங்களைத் தாண்டி அங்கே போய்ச் சேர அரை மணித்தியாலம் பிடிக்கும். அவள் மாடிக்கு ஓடினாள். நாங்களும் பின்னால். கடலுக்கு மேலே பூக்கோவா உச்சியோட ரெண்டு மூண்டு முகில், ஒண்டுக்குக் கீழே சாம்பல் சீலை தொங்குது.

"அப்பா, ஒண்டு பெய்துகொண்டு வருது. பின்னால வெளிப்பா இருக்கு. இப்ப மூடுங்க, ஒன்பது மணிக்குத் திறக்கலாம்."

மூடினார், திறந்தார். அடுத்த மூண்டு நாளும் விடிய ஏழு மணிக்குக் கோல். நாலாம் நாள் சூரியனைக் காணவில்லை, மாடியில் எங்களுக்கு நிழலும் இல்லை. அவள் கனநேரம் ஃபோனைக் கையில் வைச்சிருந்திட்டுத்தான் சொன்னாள். அப்பா அண்டைக்கே லொறிக்காரனைக் கூப்பிட்டு, 16 வீதத்தில், கேட்ட விலைக்குக் குடுத்திட்டார். மழை ஐந்து நாள் பெய்தது. பக்கத்து வயல்காரர் காத்திருந்தவர். அவரின் நெல் படங்குக்குள்ளேயே முளைச்சுப் போச்சு. இப்ப அவரும் எங்கட ஹொஸ்டல் நம்பரை வாங்கி வைச்சிருக்கிறார்.