சட்டம் கொடுக்கும் இரவு

பதினெட்டாம் போர்க் கூத்து ஆடப்போகிறார்கள், வெள்ளிக்கிழமை சட்டம் கொடுக்கிறார்கள், வந்து பாருங்கள் என்று கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ள ஓர் ஊரிலிருந்து நண்பர் சொல்லி அனுப்பியிருந்தார். மட்டக்களப்புக் கூத்துகளின் அரங்கேற்றங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூத்துக்கு ஆள் தெரிந்து, அவரவர் பாட்டு எழுதிய சட்டம் கொடுப்பதைப் பார்த்ததில்லை. அரங்கேற்றத்துக்கு வெளியூரார் எல்லாரும் வருவார்கள். ஆள் தெரியும் இரவு ஊருக்கு மட்டுமே உரியது. அழைப்பு வந்ததும் வேறு வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டுப் போனேன்.

மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை வாவியைக் கடக்க இருந்தது ‘பாதை’தான். மோட்டார் சைக்கிளையும் நெல் மூட்டையையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு மெல்ல நகரும் மிதவை அது. இப்போது கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குச் சில நிமிடங்கள் போதும். பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து, வயல்களில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கையில் கொஞ்சம் காசும் இரவில் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கும் இந்தக் காலத்தில்தான் கூத்துப் பழக்கம் தொடங்கும்.

பிள்ளையார் கோயிலை அடுத்த வளவில் பாய் விரித்து நிறைகுடம் வைத்திருந்தார்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மடியில் மத்தளம். எழுபதைத் தாண்டியவர், பகலில் வயல் பார்ப்பவர், அவருடைய தகப்பனும் அண்ணாவியார். வலப்பக்கம் சல்லரி போடுகிறவர். இடப்பக்கம் ஏட்டண்ணாவியார். பனையோலை ஏடு இருந்த இடத்தில் இன்று இருப்பது மட்டை கிழிந்து நூல்போட்டுத் தைத்த பழைய சீ.ஆர். கொப்பி. கூத்து முழுவதும் அதற்குள்தான். ஆடுகிறவர் வரியை மறந்தால் எடுத்துக் கொடுப்பவர் ஏட்டண்ணாவியார்.

வந்திருந்த இளைஞர்களிடம் அண்ணாவியார் முதலில் பாட்டுக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர், “அங்கயிருந்து நடந்து வா மனே” என்றார். ஒவ்வொருவராக வேலியோரத்திலிருந்து பாய்வரை நடந்து வந்தார்கள். பிறகு மத்தளத்தில் ஒரு தாளக்கட்டைத் தட்டி, அதற்குக் கால் வைக்கச் சொன்னார். குரலை மூன்றாவதாகத்தான் கேட்டார். காரணம் கேட்டேன். “குரலத் திருத்தலாம் தம்பி. கால் தாளத்துக்கு வராட்டி நான் என்ன செய்யிற?”

பதினெட்டாம் போர் வடமோடிக் கூத்து. அதன் களரியையும் உடுப்பையும் அறிந்தவர்களுக்கு அவர் சொன்னது உடனே விளங்கும். களரி வட்டமானது. சனம் நாலு பக்கமும் இருக்கும். ஆடுகிறவருக்கு முதுகைக் காட்டி ஒதுங்க ஒரு பக்கமே இல்லை. அரசர்கள் கரப்புடுப்புக் கட்டுவார்கள். இடுப்பிலிருந்து அகன்று விரியும் கனத்த உடுப்பு அது. தலையில் முடி, தோளில் புஜகிரீடம், காலில் சதங்கை வேறு. இத்தனையையும் சுமந்து சுற்றி ஆடிக்கொண்டே பாட வேண்டும். ஆடுகிறவர் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும் நேரத்தில்தான் மூச்சு எடுக்கலாம், அதிலும் கால் நிற்கக் கூடாது. மற்ற மரபான தென்மோடியில் உடுப்பு இலேசு. ஆட்டத்தில் நுணுக்கம் கூட. வடமோடிக்கு முதலில் வேண்டியது தாங்கும் உடம்பு.

வீமனுக்குப் போட்டியே இருக்கவில்லை. மேசன் வேலை செய்யும் ஓர் ஆள் நடந்து வந்ததும் பாயில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். தருமருக்கு அமைதியான குரல்கொண்ட ஒரு பள்ளி ஆசிரியர். சகுனிக்கு மெலிந்த, கண் ஓயாமல் அலையும் ஒரு கடைக்காரப் பையன். இவையெல்லாம் மளமளவென்று முடிந்தன.

துரியோதனனில்தான் சிக்கல். ஒருவர் ஓட்டோ ஓட்டுகிறவர், நாற்பது வயதைக் கடந்தவர். அவருடைய தகப்பன் இதே கூத்தில் துரியோதனன் ஆடியவர். அந்தப் பெயரே ஊரில் நிலைத்துப்போனது. மற்றவன் கட்டாரிலிருந்து திரும்பி வந்திருக்கும் இளைஞன். ஆட்டத்தில் அவனை அங்கே யாரும் மிஞ்சவில்லை. இருவருடைய உறவுக்காரரும் வந்திருந்தார்கள். பேச்சு மெல்லச் சூடேறியது. யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்த வேடம் என்பதில் குடும்பக் கௌரவமும் சாதியும் பின்னிக் கிடந்த காலம் இருந்தது. இன்று அது முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

அண்ணாவியார் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. வெற்றிலை போட்டு முடித்துவிட்டு, வேடத்தை இரண்டாகப் பிரித்தார். கொலுவுக்கு வரும் துரியோதனன் இளைஞன். படையெல்லாம் அழிந்தபின் மடுவுக்குள் ஒளிந்து, வெளியே வந்து, வீமனின் கதையால் தொடை முறிந்து விழும் துரியோதனன் ஓட்டோக்காரர். சண்டையைத் தீர்க்கச் செய்த ஏற்பாடு என்றே முதலில் நினைத்தேன். பிறகு கூத்தின் போக்கை மனதில் ஓட்டிப் பார்த்தபோதுதான் அதன் அழகு பிடிபட்டது. வரவில் துரியோதனனுக்குத் தேவை கால். கடைசியில் தேவை இழப்பு ஏறிய குரல். அந்தக் குரல் இருபத்தைந்து வயதில் வராது. விடியற்காலம் அந்தப் புலம்பலைப் பாட நாற்பதைக் கடந்த ஒரு மனிதர் வேண்டும்.

ஆள் தெரியும் இந்த வேலையைக் கலை என்று யாரும் எழுதி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. தாளக்கட்டுகளைப் பதிந்திருக்கிறார்கள், பாடல்களை அச்சிட்டிருக்கிறார்கள். அலங்காரரூபன் நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பதிப்பித்தார். அதே ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போரை மேடையேற்றினார். பின்னர் நொண்டி நாடகமும் இராவணேசனும் வந்தன. விடிய விடிய ஆடுவதைச் சுருக்கி, மின்விளக்கு மேடைக்குக் கொண்டுபோய், கூத்தைப் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கியவர்களை உட்கார்ந்து பார்க்க வைத்தார். இராவணேசனில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்து எழுதினார். இவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது. ஆனால் சுருக்கிய கூத்துக்கு ஆடத் தெரிந்த பத்துப்பேர் போதும். விடிய ஆடும் கூத்துக்கு ஊர் முழுவதும் வேண்டும். இன்றைய கலாசார விழாக்களில் அரை மணி நேரம் ஒதுக்கி, சால்வை போர்த்தி அனுப்புகிறார்கள். அந்த அரை மணிக்காக எவரும் சட்டம் கொடுப்பதில்லை, மாதக்கணக்கில் பழகுவதில்லை. என் கவலை அதுதான். பாட்டு அழியாது, கொப்பியிலும் கைபேசியிலும் இருக்கும். ஒரு மேசனைப் பார்த்து வீமன் என்று கண்டுகொள்ளும் கண் அழிந்தால் அதை எங்கே போய்ப் பதிவது?

போர்க்காலம் அதை ஏறக்குறைய அழித்தேவிட்டது. ஊரடங்கும் சுற்றிவளைப்புமாக இருந்த ஊர்களில் இரவுக் கூத்து எப்படி நடக்கும்? “ராவையில நாய் குரைச்சாலே விளக்க நூத்துப்போடுவம்” என்றார் அண்ணாவியார். அந்த ஆண்டுகளில் பழகியிருக்க வேண்டிய ஒரு தலைமுறை பழகவில்லை. அன்றிரவு வந்தவர்களில் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்கள் குறைவாக இருந்ததை நான் கவனித்தேன்.

கால் தாளத்துக்கு வராத பையன்களும் இருந்தார்கள். ஒருவனையும் திருப்பி அனுப்பவில்லை. ஒருவன் தூதன், இரண்டு பேர் படைவீரர், மற்றவர்கள் பிற்பாட்டு. பிற்பாட்டு என்றால் குறைவில்லை, அது தளர்ந்தால் வீமன் மூச்சு முட்டி நிற்பான் என்று அவர்களுக்கு விளக்கமாகச் சொன்னார்.

திரௌபதி வேடத்தைச் சொல்ல வேண்டும். பாயின் ஓரத்தில் உயர்தர வகுப்புப் படிக்கும் ஒரு பெண் இருந்தாள். அண்ணாவியாரின் பேத்தி முறை. திரௌபதியின் பாட்டுகளை ஆண்பிள்ளைகள் தடுமாறிப் பாடும்போதெல்லாம் அவள் வாய்க்குள் சரியாகப் பாடிக்கொண்டிருந்தாள். வழக்கப்படி பெண் வேடம் ஆண்களுக்குத்தான். பெரியவர்கள் அதைத் தாண்டவில்லை. ஒல்லியான ஒரு பையனுக்குத் திரௌபதி போனது. எனக்கு அது பிடிக்கவில்லை, அண்ணாவியாரிடம் சொன்னேன். சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊராரோடு சேர்ந்து கூத்தை மீளுருவாக்கம் செய்தபோது பெண்கள் வந்தார்கள், பழைய கதைக்குள் இருந்த பெண் இழிவுகளும் சாதி இழிவுகளும் ஊராரின் பேச்சுக்கு வந்தன. அதனால் கூத்துக் கெட்டுப்போகவில்லை. அண்ணாவியாருக்கு அது தெரியும். “இந்த ஊர் அதுக்கு இன்னும் வரல்ல தம்பி. புள்ளைய முதல்ல பாயில இருத்துவம்” என்றார்.

நள்ளிரவுக்குப் பிறகு சட்டம் கொடுத்தார்கள். தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, அவரவர் பாட்டையும் வசனத்தையும் எழுதிய தாள். களரிக்கு முதலில் வருபவன் கட்டியகாரன் என்பதால் அவனுக்கு முதற்சட்டம். ஒவ்வொருவரும் தட்சிணை வைத்துக் கும்பிட்டு வாங்கினார்கள். வாங்கியபின் விலகக் கூடாது. உடுப்புச் செலவு அவரவர் வீட்டுக்கு. அண்ணாவியாருக்கு மாதச் சம்பளம் கிடையாது, அரங்கேற்றத்தில் ஊர் செய்யும் மரியாதைதான். இந்த மாதங்களுக்கு ஒரு சிறு கொடுப்பனவையாவது கலாசாரத் திணைக்களம் தர வேண்டும் என்று எழுதுவது என் கடமை.

முன்பு தினமும் நடந்த பழக்கம் இனி வெள்ளி, சனி இரவுகளில் மட்டும். இடைநாட்களுக்கு அண்ணாவியார் பாடிய தருக்களை வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். ஆட்டம் படிந்ததும் சதங்கை அணிதல், பிறகு முழுக்கூத்தையும் ஒரே இரவில் ஓட்டிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், வைகாசியில் அரங்கேற்றம், அதன்பின் வீட்டுக்கு வீடு ஆடுதல்.

எல்லாரும் எழும்பும் நேரம் அண்ணாவியார் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். ஏட்டண்ணாவியாருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, கொப்பியும் கிழிகிறது. முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். “எழுதக்குள்ள பாடிப் பாடி எழுது புள்ள. அப்பதான் பிழை தெரியும்.” அவள் கொப்பியை வாங்கி, நின்றபடியே புரட்டினாள்.

“அசுவத்தாமன்ட வரவில ரெண்டு அடி காணல்ல” என்றாள்.

ஏட்டண்ணாவியார் கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, உண்மைதான் என்றார். அண்ணாவியார் மத்தளத்தை மறுபடி மடியில் வைத்து விடுபட்ட இரண்டு அடிகளையும் பாடினார். அவள் பேனை தேடினாள். என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். மூன்றாவது முறை அவர் பாடும்போது அவளும் சேர்ந்து பாடிக்கொண்டு ஓரத்தில் எழுதினாள்.