மலைக்குப் பின்னால் ஓர் ஊர்

திருவண்ணாமலை என்றதும் ராஜகோபுரமும் அதற்குப் பின்னால் நிற்கும் மலையும்தான் நம் கண்ணுக்கு வரும். அந்த மலையின் முதுகுப்புறத்தைப் பார்க்க வேண்டுமானால் அடி அண்ணாமலைக்குப் போக வேண்டும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கும் சிற்றூர். அங்கே ஓர் அண்ணாமலையார் கோயில் இருக்கிறது. பிரம்மா பிரதிஷ்டை செய்த லிங்கம் என்பது ஐதிகம். மாணிக்கவாசகருக்கும் தனியாக ஒரு சிறு கோயில். வீட்டுக்கு வீடு போய்த் தோழிகளை எழுப்பி மார்கழி நீராட அழைக்கும் திருவெம்பாவை இங்கேதான் பிறந்தது என்கிறார்கள் ஊரார்.

பௌர்ணமியன்று இந்தப் பாதையில் எள் போட்டால் எள் விழாது. நாங்கள் போனதோ ஐப்பசித் தேய்பிறையில், ஒரு புதன்கிழமை காலை. காரணம், என் அண்ணி.

அண்ணிக்கு ஒன்பது வருஷமாக முடக்குவாதம். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் அல்ல இது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டுகளைத் தாக்குகிற வியாதி. காலையில் காப்பி டம்ளரைப் பிடிக்க விரல் மடங்குவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். மாத்திரைகள் போதாமல் போகவே, டாக்டர் 'ரிடுக்ஸிமாப்' என்ற மருந்தைச் சொல்லியிருக்கிறார். ஸலைன் ஏற்றுவதுபோல் சொட்டுச் சொட்டாக நான்கைந்து மணி நேரம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒரு தடவை. அமெரிக்காவில் 1997-ல் ஒருவகைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்று, 2006-ல் முடக்குவாதத்துக்கும் வந்த மருந்து. 2007-லிருந்து நம் நாட்டிலேயே தயாராகிறது.

"இருக்கிற காவலையும் குறைத்துக் கொண்டு எப்படியடி வாழ்வது?" என்று அண்ணி கேட்டாள். நியாயமான பயந்தான். ஆனால் அடி அண்ணாமலைக்கு வடக்கே, சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-லேயே சிறுநீரக மாற்று சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை விடாமல் சாப்பிட்டுக் கொண்டுதானே வீட்டையும் உத்தியோகத்தையும் பார்த்துக் கொள்கிறார்கள்!

கல்யாணத்துக்குச் சீர்ப் பட்டியல் போடுவதுபோல் டாக்டர் ஒரு பட்டியல் போட்டார். ஹெபடைடிஸ் பி கிருமி எப்போதோ வந்து ஈரலில் தூங்கிக் கொண்டிருக்கலாம். மருந்து ஏறினதும் விழித்துக் கொள்ளும். ஆகவே அதற்கு இரத்தப் பரிசோதனை. காச நோய்க்கும் அப்படியே. சொத்தைப் பல் இருந்தால் முன்பே கவனித்துவிட வேண்டும். நிமோனியாவுக்கும் இன்ஃபுளூயன்ஸாவுக்கும் தடுப்பூசிகளை ஒரு மாதம் முன்னதாகவே போட்டுவிட வேண்டும். மருந்து ஏறிய பிறகு போட்டால் பல மாதங்களுக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம்; சகோதரிகள் கவனிக்க வேண்டிய விஷயம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேண்டுதலில்தான் சிக்கல். கார்த்திகை தீபத்தன்று வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டுத்தான் மருந்து ஏற்றிக் கொள்வதாக அண்ணி நேர்ந்து கொண்டிருந்தாள்.

"வெறுங்காலோடா?" என்றார் டாக்டர். இந்த மூட்டுகளோடு 14 கிலோமீட்டரா என்றுதான் கேட்பார் என்று நினைத்தோம். அவர் சொன்னது ஒரு புழுவைப் பற்றி. பெயர் 'ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்'. அசுத்தமான மண்ணிலிருந்து உள்ளங்கால் தோல் வழியாக ஏறி, குடலில் குடியேறி, வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். 1942-43-ல் ஜப்பானியர் பர்மா-சயாம் ரயில் பாதை போட்டார்களே, மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்களையும் வாரிக் கொண்டு போனார்களே, அந்தக் கொடுமையிலிருந்து பிழைத்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் கைதிகளின் உடம்பில் முப்பது வருஷத்துக்குப் பிறகும் இந்தப் புழு இருந்தது! எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால், முக்கியமாக ஸ்டீராய்டு சேர்ந்தால், அது உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டியே சோதித்துக் கண்டுபிடித்தால் மாத்திரையில் தீர்ந்துவிடும். பட்டியலில் அதுவும் ஏறியது.

அண்ணி இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவளாகவே ஒரு ராஜிக்கு வந்தாள். கூட்டமில்லாத நாள், ஆட்டோவில் சுற்று, அடி அண்ணாமலைத் தெருவில் மட்டும் நடை, செருப்பைக் கோயில் வாசலில்தான் கழற்றுவது.

அப்படித்தான் நடந்தோம். ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை கண்ட வீடு. அண்ணி தெருவின் மறுபக்கம் போய்விட்டாள். இத்தனை நாள் மாரியம்மனுக்குக் கொடுத்த மரியாதை. இனி டாக்டர் உத்தரவும் கூட! கோயில் வாசலில் பூ விற்ற அம்மாள் அண்ணியின் வளைந்த விரல்களைப் பார்த்தாள். "குந்தும்மா, மெள்ளப் போவலாம்" என்று தன் முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

பிராகாரத்தை ஒரு தடவை சுற்ற இருபது நிமிஷம் ஆயிற்று. எனக்கு அது போதுமென்று தோன்றியது. அண்ணிக்குத் தோன்றவில்லை. வெளியே வந்து மலையையே பார்த்துக் கொண்டு நின்றாள். "ஏமாற்றிவிட்டேன் என்று நினைப்பாரோ?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

முதல் தவணை மருந்து தீபத்துக்கு முந்தின வாரம். தளர்ந்த கை வைத்த ரவிக்கை இரண்டு தைத்தாகிவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையை அன்று காலை சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்டு எழுதி வைத்தாயிற்று. ஜுரமோ இருமலோ இருந்தால் அன்று போகக் கூடாது, தேதியை மாற்ற வேண்டும். கூட இருக்கப் போவது நான்.

தீபத்தன்று கூட்டத்தில் போகப் போவதில்லை. மலையுச்சியில் ஏற்றும் தீபம் 11 நாள் எரிகிறது. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, உடம்பு ஒத்துழைத்தால், இருட்டினதும் காரிலேயே வந்து அடி அண்ணாமலையில் நிறுத்திப் பார்ப்பதாக உத்தேசம்.