மூட்டைப்பூச்சிக்குக் கொதிநீர்

தம்பி விடுதியிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து பத்து நாள்தான் ஆகியிருக்கும். அம்மாவின் கையில் வரிசையாகத் தடிப்பு. மூட்டைப்பூச்சி! மருந்து அடித்தோம். ஒரு வாரம் அடங்கி, மறுபடி கடித்தது. பல மருந்துகளுக்கு அது பழகிவிட்டதாம்.

அப்போதுதான் பாட்டி ஞாபகம் வந்தது. கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் கவிழ்த்து, சட்டத்தின் இடுக்கெல்லாம் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவார். எவ்வளவு சரியான வைத்தியம்! 48 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒன்றரை மணி நேரம் இருந்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். 55-ஐத் தாண்டினால் உடனே. மரக்கட்டிலுக்குக் கொதிநீர், துணிகளுக்கு வாஷிங் மெஷினில் 60 டிகிரி வெந்நீர், பெட்டியின் தையல் ஓரங்களுக்கு நீராவி இஸ்திரி.

மெத்தைதான் படுத்தியது. மொட்டைமாடி வெயிலில் மேல்துணி சுடுகிறதே தவிர, நடுப்பஞ்சு சூடேறுவதில்லை; பூச்சி உள்ளே நகர்ந்துவிடுகிறது. கடைசியில் உறையைப் பிரித்து, அதை வெந்நீரில் போட்டு, பஞ்சைத் தூக்கிப்போட்டோம்.

சுத்தமான வீட்டுக்கும் இது வரும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.