பாரத்தில் எழுதாத பெயர்

ஒரு வானொலி நிலையத்தின் மீது நான் பொய்ப் பழி போட்டேன். மலேசியாவில் தம்பின் பக்கத்துத் தோட்டங்களில் பலர் அதை இன்றுவரை நம்புகிறார்கள். அதன் அறிவிப்பாளரை வாயில் வந்தபடி ஏசியவர்களும் உண்டு. அவர் ஒரு தவறும் செய்யவில்லை. செய்தவன் நான்.

கெமென்சே போகும் சாலையோரத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். பகலில் வேலை, இரவில் வீட்டு அறையில் கணினியும் மைக்கும் வைத்துக்கொண்டு இசை. எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பெரியம்மா இருக்கிறார். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட காலத்தைப் பற்றி அவரே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். விடியுமுன் பேர் எடுக்கும் பெரட்டுக்கு ஓடுவது, ஒட்டுப்பால் நாற்றம் கையைவிட்டுப் போகாதது, வெட்டிய மரத்தடியில் பால் கோப்பைகள் குப்புறக் கிடப்பது எல்லாம் அதில் வரும். சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது. நான் கீபோர்டும் உறுமியும் சேர்த்து, இளம்பெண் ஒருத்தியைப் பாடவைத்துப் பதிவு செய்தேன்.

நம் நாட்டில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அரசின் மின்னல், தனியாரின் ராகா என்ற இரண்டு வானொலிகளையும்தான் நாட வேண்டும். பாட்டு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. சுத்தமான ஒலிக்கோப்பு வேண்டும். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் விவரத்தைப் பாரத்தில் நிரப்ப வேண்டும். வரிகளைத் தட்டச்சு செய்து இணைக்க வேண்டும். மின்னலை நடத்தும் அரசு ஒலிபரப்பான ஆர்டிஎம்மில் வரிகள் தணிக்கையைத் தாண்டியாக வேண்டும். 2017-இல் உலகமே பாடிக்கொண்டிருந்த ‘டெஸ்பசீத்தோ’ பாட்டையே வரிகளுக்காக அங்கே நிறுத்திவிட்டார்கள். அதனால் பெரியம்மாவின் வரிகளை எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து முடித்தேன். பாரத்தில் ‘பாடலாசிரியர்’ என்ற இடத்தில் என் பெயரை அடித்தேன். ‘இசை’ என்ற இடத்திலும் என் பெயர்தான்.

அவருக்கு மின்னஞ்சல் இல்லை, அடையாள அட்டை எண் கையில் இல்லை, அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தது என்று எனக்கு நானே வெகுநாள் சொல்லிக்கொண்டேன். அவர் வீடு கூப்பிடு தூரம்தான். வானொலியில் என் பெயர் மட்டும் தனியாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. வேறு காரணம் கிடையாது.

பாட்டு ஒலித்தது. அறிவிப்பாளர் தாளில் இருந்ததை அப்படியே வாசித்தார். அன்று மாலையே பெரியம்மாவின் மகள் வந்து, “அம்மா பேரு சொல்லலையேண்ணே?” என்று கேட்டாள். “நான் எழுதித்தான் அனுப்புனேன், ரேடியோக்காரவங்க விட்டுட்டாங்க” என்றேன். உடனே நம்பினாள், எல்லாரும் நம்பினார்கள். உள்ளூர்க் கலைஞனை வானொலி கண்டுகொள்வதில்லை என்ற மனக்குறை நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அதில் நியாயமும் உண்டு. நாள் முழுக்க ஒலிப்பதில் பெரும்பகுதி தமிழகத் திரைப்பாட்டுதானே. 2006-இல் நம் நாட்டு ராப் கலைஞர்களான யோகி பியும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ பாட்டுத் தொகுப்போடு தமிழகம்வரை போனது எங்களுக்கெல்லாம் எத்தனை பெரிய தெம்பு! அப்படிப்பட்டவர்கள் பாடுபட்டுப் பெற்ற நியாயத்தை என் திருட்டுக்குத் திரையாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெயரை மறைத்ததைவிட இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

பெயரோடு பணமும் போகும். பாட்டு ஒலிக்கும்போது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டிய உரிமைத்தொகையை 1989 முதல் எம்ஏசிபி என்ற அமைப்பு வசூலித்துக் கொடுக்கிறது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் அது போகும். சின்னத் தொகைதான், ஆனால் எழுதியவர் காலமான பிறகும் 50 ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய உரிமை அது. படைத்தவர் இன்னாரென்று சொல்லப்படும் உரிமையை நமது 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 25-ஆவது பிரிவில் தனியாகவே காக்கிறது. இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். இளைஞர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுப்பவனே நான்தான்.

கடைசியில் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. “அந்தப் பாட்டு எங்க வீட்டுக்காரரு செத்த வருசம் கட்டுனதுடா” என்றார். எனக்கு அது தெரியாது, கேட்டதே இல்லை. பிறகு, “மொதல்ல அந்த ரேடியோ புள்ளைகிட்ட மன்னிப்புக் கேளு. எம் பேர அப்பறம் போட்டுக்கலாம்” என்றார்.

கேட்டேன். நிலையத்துக்கும் எம்ஏசிபிக்கும் திருத்தம் எழுதி அனுப்பினேன். பாடலாசிரியர், இசை இரண்டிலும் அவர் பெயர். என் பெயர் இசைக்கோவை என்ற இடத்தில் மட்டும். எனக்கு வந்திருந்த பணத்தை அவர் மகளிடம் கொடுத்துவிட்டேன்.

அதோடு தீரவில்லை. பழைய பாரங்களை எடுத்துப் பார்த்தபோது வேறு பாட்டுகளிலும் உறுமி வாசித்த பையன்களின் பெயர்களை நான் எழுதவில்லை என்று தெரிந்தது. ஒருவனைக் கிம்மாஸில் கண்டுபிடித்தேன். இன்னொருவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறானாம். அவன் எண்ணை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.