ஆறடி வழி

பட்டா ஒருவர் பெயரில், பாதை ஊருக்குப் பொது என்று நம் பக்கத்து நிலங்கள் பலவற்றிலும் உண்டு. பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், நான்கு எல்லையும் சொன்ன பிறகு 'மாமூல் வழிநடை பாத்தியம்' என்று ஒரு வார்த்தை வரும். அந்த வார்த்தையை எழுதாமல் விட்ட இடத்தில்தான் பிற்காலத்தில் தகராறு முளைக்கிறது. என் கையில் இருப்பதும் அப்படி எழுதாமல் விட்ட பத்திரம்தான்.

பாலாறு கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே, கூவத்தூர் பக்கம், என் தாயார் வழியில் வந்தது ஒரு காணி. நீளம் 400 அடி, அகலம் 144 அடி. ஏக்கர் கணக்கில் 1 ஏக்கர் 32 சென்ட். மேற்கே ஊராட்சிச் சாலை, கிழக்கே கடற்கரைப் புறம்போக்கு. மணல் பூமி, சவுக்குதான் வரும். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை வெட்டினால் சாரம் கட்டவும் காகித ஆலைக்கும் போகும். நடுவில் ஒரு கிணறு. கடலுக்கு அவ்வளவு கிட்டே இருந்தும் தண்ணீர் உப்பில்லை.

இந்தத் தோப்பு வழியாகக் குப்பத்துச் சனங்கள் என் பாட்டி காலத்திலிருந்து நடக்கிறார்கள். விடியற்காலையில் வலை சுமந்து ஆண்கள் கிழக்கே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் மீன் கூடையோடு பெண்கள் மேற்கே வருவார்கள். மத்தியானம் ஆடு மேயும். சாயங்காலம் பிள்ளைகள் சவுக்கு மிலாறு பொறுக்கும். யாரும் எங்களைக் கேட்டதில்லை, நாங்களும் தடுத்ததில்லை. பொங்கலுக்கு வஞ்சிரமோ வவ்வாலோ வீடு தேடி வரும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமான பிறகு எல்லாம் மாறிவிட்டது. எங்களுக்கு வடக்கேயும் தெற்கேயும் இருந்த தோப்புகள் கை மாறி, எட்டடி மதில் எழும்பிவிட்டது. இரண்டு மதிலுக்கும் நடுவில் திறந்து கிடப்பது எங்கள் காணி மட்டும்தான். இதை மூடினால் கூடை சுமக்கும் பெண்கள் இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். போன தை மாதம் பஞ்சாயத்தார் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். "ஐயா, நீங்க இருக்கிற வரைக்கும் பயமில்லை. பிற்பாடு எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார் பெரியவர். அதே வாரம், மேற்கே வீடு கட்டியிருப்பவர் வந்து, தோப்பின் மூலையில் மாட்டுக்கு ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளட்டுமா, தரைக்கு மட்டும் சிமெண்ட் என்று கேட்டார்.

சென்னையில் இருக்கும் மகனிடம் சொன்னேன். "அப்பா, உடனே கம்பி வேலி போடுங்க. இன்னைக்கு வழி கேட்பாங்க, நாளைக்கு வீடு கட்டுவாங்க" என்றான். அவன் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நடுவில் பாதை ஓடும் நிலத்துக்கு விலை குறையும் என்பதும் உண்மை.

புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்தவன் நான். பிரெஞ்சில் படித்தவன் என்பதால் பழைய நொத்தேர் பத்திரங்களைப் படித்துச் சொல்லும் வேலை என் மேசைக்கு வந்துவிடும். 1804ஆம் வருடத்துக் கோட் சிவிலில் 688, 691 என்ற இரண்டு பிரிவுகள் இன்னும் மறக்கவில்லை. அடுத்தவர் நிலத்தில் நடப்பது, தண்ணீர் சேந்துவது, ஆடு மாடு மேய்ப்பது ஆகிய மூன்றையும் ஒரே வகையில் சேர்க்கிறது முதல் பிரிவு. இந்த வகை உரிமை பத்திரத்தால் மட்டுமே வரும், எத்தனை தலைமுறை நடந்தாலும் நடந்ததனாலேயே வராது என்கிறது இரண்டாவது. ஒருவர் பொறுத்துக்கொண்டு விட்டதை இன்னொருவர் உரிமையாக்கிக்கொள்ள முடியாது. அந்தப் பொறுமைக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'தொலெரான்ஸ்'.

நம்முடைய சட்டம் வேறு. 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் நம் நிலத்தின் வழியே 20 வருடம் அமைதியாக, வெளிப்படையாக, இடைவிடாமல், தன் உரிமை என்ற நினைப்போடு போய் வந்தால் அந்த வழி அவருக்குப் பாத்தியமாகிவிடும். ஊர் வழக்கத்தைக் காட்டிக் கேட்கவும் தனியாக இடம் இருக்கிறது. ஆனால் அனுமதி கேட்டு நடந்தவர் எத்தனை வருடம் நடந்தாலும் 15ஆம் பிரிவு அவருக்கு உதவாது. ஆகவே நம் ஊரில் வாய் திறக்காமல் இருக்கும் நிலச்சொந்தக்காரருக்குத்தான் ஆபத்து. 'போய்க்கொள்' என்று எழுதிக் கொடுத்தவருக்கு ஆபத்தில்லை. மகனுக்கு இதை விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. பாட்டி காலத்துப் பொங்கல் மீன் அனுமதிக்கு அடையாளமா, வழக்கத்துக்கு அடையாளமா என்று அவன் கேட்டான். வழக்கென்று வந்தால் இரண்டு பக்கத்து வக்கீலும் அதே மீனைத்தான் காட்டுவார்கள்.

கொட்டகை விஷயம் தனி. அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று சொல்லும் அதே சட்டம், அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து நிரந்தரமாக எதையாவது கட்டிவிட்டால் பிறகு திரும்பப் பெற முடியாது என்கிறது. அது 60ஆம் பிரிவு. சிமெண்ட் தரையில் ஆரம்பிப்பது அங்கே போய் முடியலாம். அதனால் மேற்கு வீட்டுக்காரரிடம், "மாட்டை மரத்தில் கட்டிக்கொள்ளுங்கள், கட்டடம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது சரியாகிவிட்டார்.

'இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்' என்பது நிலம் உள்ளவர்கள் சொல்லும் பழமொழி. நம் செங்கல்பட்டு ஜில்லாவின் சரித்திரம் அதற்கு மறுபக்கத்தையும் காட்டுகிறது. இங்கே மிராசு பாத்தியம் பலமாக இருந்தது. கூலி வேலை செய்தவர்களின் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையது. வேலைக்கு வர மறுத்தால் குடிசையைக் காலி செய் என்று மிரட்டலாம். கலெக்டர் டிரெமன்ஹியர் 1891இல் இதையெல்லாம் எழுதி மேலே அனுப்பினார். அதன் பலனாக 1892இல் வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. பிறகு 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்து, அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிகளுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. நிலத்தைக் காட்டி ஆளைக் கட்டிப் போட்டதனால் வந்த சட்டங்கள் இவை.

கடற்கரைக்கும் சட்டம் இருக்கிறது. 1991ஆம் வருடத்துக் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை, இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் இடைவெளி பொதுமக்கள் கடலுக்குப் போக விடவேண்டும் என்றது. 1996இல் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணை வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, பண்ணைகள் மீனவர்களின் வழியை அடைத்துவிட்டதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த 20 மீட்டர் விதி ரிசார்ட்டுக்கு எழுதியது. என்னைப் போல ஒரு காணி வைத்திருப்பவன் மனசாட்சிப்படிதான் நடக்கவேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் குப்பத்துச் சனம் மேற்கே ஓடி வந்தது எங்கள் தோப்பு வழியாகத்தான். அன்று தென்பக்கத்து மதில் எழும்பவில்லை. இன்று எழும்பி நிற்கிறது. இன்னொரு நாள் கடல் அப்படி வந்தால் ஓடுவதற்கு எங்கள் காணி ஒன்றுதான் இருக்கிறது. மகனிடம் இதைச் சொன்னபோது அவன் உடனே பதில் சொல்லவில்லை.

கடைசியில் நான் முடிவு செய்தது இதுதான். ஆடு மேய்க்க, மிலாறு பொறுக்க, தண்ணீர் சேந்த அனுமதி என்று ஒரு தாளில் எழுதி, பஞ்சாயத்தார் கையெழுத்தோடு ஒரு பிரதி அவர்களிடம், ஒரு பிரதி என்னிடம். வேண்டாதபோது நிறுத்தலாம். வழிக்கு அது போதாது. நிலத்தை விற்றால் வாங்குகிறவரை அனுமதிச் சீட்டு கட்டுப்படுத்தாது என்று 59ஆம் பிரிவு சொல்கிறது. பெரியவர் கேட்டதோ எனக்குப் பிற்பாட்டைப் பற்றி. ஆகவே வடக்கு ஓரமாக ஆறடி அகலத்தில், சாலையிலிருந்து புறம்போக்கு வரைக்கும் 400 அடி நீளத்துக்கு, ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்போகிறேன். மொத்தம் 2,400 சதுர அடி, ஐந்தரை சென்ட். மிச்சம் இருக்கும் 1 ஏக்கர் 26½ சென்ட் மகனுக்கு வில்லங்கமில்லாமல் போகும். பாதை ஓரத்தில் ஒதுங்கிவிடுவதால் நிலம் இரண்டாக வெட்டுப்படாது.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு தோப்போ மனையோ இருந்தால், வேலி போடுவதற்கு முன் அந்த வழியே யார் எதற்காகப் போகிறார்கள் என்று ஒரு வாரம் நின்று பாருங்கள். விடுவதானாலும் மறுப்பதானாலும் நாம் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுவது நல்லது. பிள்ளைகள் தலையில் வழக்காக விடிய வேண்டாம்.

மகனுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. விலை போகும் நிலத்தில் ஐந்தரை சென்ட் என்பது அவனுக்குச் சின்ன விஷயம் இல்லை; எனக்கும்தான். பாதைக்கும் தோப்புக்கும் நடுவே கல் நட்டுக் கம்பி வேலி போடவேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறான். நியாயமானது என்று ஒப்புக்கொண்டேன். நில அளவைக்கு மனு போட்டாயிற்று. சர்வேயர் வரும் தேதி தெரிந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், லீவு போட்டு வருகிறேன் என்றிருக்கிறான்.